ஊழியர் ஊக்குவிப்பு ஒருநாள் பயிற்சி: சேலை மாடிச் சுப்பர்வைசர் ஒருத்தியின் மதிப்பீடு

கொழும்பு பம்பலப்பிட்டியில் காலி வீதியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், காலை எட்டரை தொடக்கம் மாலை ஐந்து வரை நடந்த பயிற்சி இது. தலைப்பு ‘பெரிய சில்லறை வியாபாரங்களில் ஊழியர் ஊக்குவிப்பு’. ஒருவருக்கு 15,000 ரூபாய். இரண்டு வேளை தேத்தண்ணி, பகல் சாப்பாடு, பெயர் அச்சடித்த சான்றிதழ் எல்லாம் அதற்குள் அடக்கம். என் கட்டணத்தைக் கம்பனி கட்டியது. நடத்தியவர்களின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். கொழும்பில் இந்தப் பாடத்தைக் கிட்டத்தட்ட இதே வரிசையில் நடத்துகிறவர்கள் பலர். யாரிடம் பணம் கட்டினாலும் இங்கே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

நான் புறக்கோட்டையில் ஒரு பல மாடித் துணிக்கடையில் புளோர் சுப்பர்வைசர். சேலை மாடி என் பொறுப்பு. தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று வருடத்தில் நான்கு முறை மாடியில் நிற்க இடம் இருக்காது. மிச்ச நாட்களில் பொடியன்களும் பிள்ளைகளும் மடித்த சேலையையே மறுபடி மடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு காலத்திலும் அவர்கள் ஒரே உற்சாகத்தோடு இருக்கவேண்டும் என்பது மேலிடத்தின் ஆசை. அந்த ஆசையோடுதான் என்னை அனுப்பிவைத்தார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு வீணில்லை. ஆனால் அந்தக் காசின் பெறுமதி இரண்டு அமர்வுகளில்தான் இருக்கிறது. கடைத் தளத்தில் நிற்கிற எங்களைப் போன்றவர்கள் உண்மையில் கையில் வைத்திருக்கும் ஒரே ஆயுதத்தைப் பற்றி அன்று முழுவதும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பயிற்சியாளர் முன்பு ஒரு வங்கியின் மனிதவளப் பிரிவில் இருந்தவர். நல்ல குரல், தெளிவான பேச்சு, குறுக்கே கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத மனிதர். சிலைடுகள் மட்டும் முழுக்க ஆங்கிலம். தமிழில் நடக்கும் பயிற்சி என்று விளம்பரம் போட்டுவிட்டு இப்படிச் செய்வது சரியில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த ஹாட்வெயார் கடைக்காரர் பாதி நாள் என் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினார்.

காலை அமர்வு, மனிதத் தேவைகளை அடுக்கிச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோவில் தொடங்கியது. எங்கே போனாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள். 1943 இல் அவர் எழுதிய கட்டுரை, உடலின் தேவை, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, தன் ஆற்றலின் உச்சத்தைத் தொடுவது என்று ஐந்து படிகள், கீழ்ப்படி ஓரளவு நிறைந்த பிறகுதான் அடுத்ததை மனம் தேடும் என்பது கருத்து, திரையில் ஐந்து நிறத்தில் ஒரு பிரமிட். மாஸ்லோவின் அந்தக் கட்டுரையில் பிரமிட்டே கிடையாது, அது பிறகு வேறு ஆட்கள் போட்ட படம் என்று பயிற்சியாளரே சொன்னார். அந்த நேர்மை பிடித்தது. சொன்ன பிறகும் முக்கால் மணி நேரம் அதே பிரமிட்டில் ஏறி இறங்கினோம் என்பது வேறு கதை.

படிப்படியாக ஏறுகிற மனிதர்களை நான் கடையில் கண்டதில்லை. என் மாடியில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். போர்டிங் காசு கட்டமுடியாமல் முன்பணம் கேட்டு வந்த அதே கிழமையில், தான் இரண்டு மணி நேரம் விரித்துக் காட்டி விற்ற கூறைச்சேலை பில்லில் இன்னொருவரின் இலக்கத்துக்குப் போய்விட்டது என்று அழுதாள். தொகை பெரிதில்லை. “நான்தான் வித்தேன் அக்கா, எல்லாருக்கும் தெரியும்” என்பதுதான் அவள் சொன்னது. வயிறு நிறையட்டும், அப்புறம் மரியாதையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் காத்துக்கொண்டிருப்பதில்லை.

இன்னொரு அமெரிக்க உளவியலாளரான ஹெர்ஸ்பேர்க் வந்த பிறகுதான் மண்டபம் விழித்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறக்குறைய 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டு, 1959 இல் அவர் வெளியிட்ட முடிவு இது: வேலையில் வெறுப்பை உண்டாக்கும் காரணங்கள் ஒரு பக்கம், விருப்பத்தை உண்டாக்கும் காரணங்கள் வேறு பக்கம். சம்பளம், மேலதிகாரியின் நடத்தை, கம்பனி விதிகள், வேலை செய்யும் இடம், இவை மோசமாக இருந்தால் ஆள் வெறுத்துப்போவான். நன்றாக இருந்தால் வெறுக்கமாட்டான், அவ்வளவுதான். சாதித்தது, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம், வேலையின் சுவை, இவைதான் ஆளை முன்னே தள்ளும்.

பயிற்சியாளர் எல்லாருக்கும் சிறிய அட்டைகளைக் கொடுத்து, எங்கள் ஊழியர்கள் கடைசியாகச் சொன்ன முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். பிறகு அவற்றை இரண்டு சுவர்களில் பிரித்து ஒட்டவேண்டும்: வெறுப்பை உண்டாக்குபவை முதல் சுவரில், ஆளை முன்னே தள்ளுபவற்றைப் பற்றியவை இரண்டாவதில். அன்றைய நாளில் மிக நல்ல முக்கால் மணி நேரம் அது. முதல் சுவரில் இடம் போதவில்லை. பகல் சாப்பாடு மூன்றரைக்கு. ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தியதும் ஏசியை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அடுக்கச் சொல்வது. குறைந்துபோன சரக்குக்குத் தளத்தில் இருந்த எல்லாரின் சம்பளத்திலும் பங்கு போட்டு வெட்டுவது. வெளியே போகும்போது பை சோதனைக்கு வரிசை, அந்த வரிசையில் நிற்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை. சுப்பர் மார்க்கட் பொடியன் ஒருவன் எழுதியது: கஷியருக்குக் கழிவறைக்குப் போக ‘ரிலீவர்’ வரவேண்டும், அந்த ரிலீவர் வரவே மாட்டார். இருக்கை இல்லை என்று மட்டும் பல அட்டைகள். எனக்கு ஆச்சரியமில்லை. கேரளத்தில் 2018 இலும் தமிழ்நாட்டில் 2021 இலும் கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அங்கேயும் துணிக்கடைப் பெண்களின் கால் வலியிலிருந்துதான் அந்தப் பேச்சு தொடங்கியது.

இரண்டாவது சுவரில் ஏழெட்டு அட்டைகள் இருந்திருக்கும். ஒன்றில் ‘கஸ்டமருக்கு முன்னால் ஏசாதீங்க’ என்று இருந்தது. அதை எந்தச் சுவரில் ஒட்டுவது என்று இரண்டு பேர் வாதாடினார்கள்.

எங்கள் கடையில் 2022 எப்படிப் போனது என்பதற்கு இந்த இரண்டு சுவர்களைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சம்பளம் கையில் வந்த நாளே கரைந்தது. அப்போதும் ‘இம்மாதத்தின் சிறந்த ஊழியர்’ படம் மாடிப்படி ஓரத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆட்களைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் படமில்லை, இரவில் வத்தளை, கிரிபத்கொடைப் பக்கம் ஓடிய ஸ்டாப் வான். டீசல் கிடைக்காமல் வான் நின்ற மாதத்தில் நல்ல விற்பனையாளர்கள் சிலரும் நின்றுவிட்டார்கள்.

ஒரு குறை. ஹெர்ஸ்பேர்க் கேட்டவர்கள் பொறியியலாளர்களும் கணக்காளர்களும். அவர்களுக்குச் சம்பளம் முதல் சுவரோடு நின்றுவிடும் விஷயமாக இருந்திருக்கலாம். கொமிஷனில் வாழ்கிற விற்பனைப் பெண்ணுக்கு மாதக் கடைசியில் தன் பெயருக்கு நேரே இருக்கும் தொகை, காசும் பாராட்டும் ஒன்றாகச் சேர்ந்தது. இதைப் பயிற்சியாளர் அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாததால் நடந்ததைப் பார்த்தேன்: முன்வரிசையில் இருந்த ஒரு முதலாளியின் மகன், ‘சம்பளம் ஊக்கம் தராது’ என்று கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். அவருடைய கடையில் வேலை செய்கிறவர்களை நினைத்துக் கவலையாக இருந்தது.

மக்கிரெகரின் 1960 ஆம் ஆண்டு எக்ஸ், வை கோட்பாடுகள் பத்து நிமிடத்தில் ஓடின. மனிதன் சோம்பேறி, கண்காணித்தால்தான் வேலை செய்வான் என்று நினைக்கும் முகாமைத்துவம் ஒரு வகை. சந்தர்ப்பம் கொடுத்தால் தானே பொறுப்பெடுப்பான் என்று நினைக்கும் முகாமைத்துவம் மற்றது. துணிக்கடையில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். காலைக் கூட்டத்தில் “நீங்கள் எல்லாரும் எங்கள் குடும்பம்” என்பார்கள், இரவு குடும்பத்தின் கைப்பையைத் திறந்து பார்ப்பார்கள். களவு நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. முகாமையாளரின் பையையும் அதே வாசலில் திறந்து காட்டினால் பாதிக் கோபம் போய்விடும்.

பகல் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், காசு அதற்கும் சேர்த்துத்தானே. சம்பா சோறு, கோழி, பருப்பு, கத்தரிக்காய் மோஜு, பப்படம், கடைசியில் வட்டிலப்பம். மோஜு அருமை. சைவக்காரருக்குத் தனி மேசை போட்டிருந்தார்கள். சாப்பிட்டதும் பலூனும் டேப்பும் கொடுத்து, எந்தக் குழு உயரமான கோபுரம் கட்டுகிறது என்று போட்டி வைத்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் முழங்காலில் நின்று பலூன் ஊதினோம். இதனால் குழு உணர்வு வளரும் என்றார்கள். எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

பிற்பகலில் வந்த விக்டர் வ்ரூம்தான் என்னைப் பொறுத்தவரை முழுக் கட்டணத்துக்கும் ஈடு. 1964 இல் அவர் சொன்னதைக் கடை மொழியில் இப்படி வைக்கலாம். ஊழியரின் மனதில் மூன்று கேள்விகள் ஓடும். நான் முயன்றால் முடியுமா? முடித்தால் சொன்னதைத் தருவார்களா? தருவது எனக்கு வேண்டியதுதானா? இந்த மூன்றையும் கூட்டுவதில்லை, பெருக்கவேண்டும். ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம்.

எங்கள் டார்கெட் முறையை அங்கேயே அதில் போட்டுப் பார்த்தேன். இந்தியாவிலிருந்து சரக்கு வரத் தாமதமான மாதத்திலும் சேலை மாடிக்குப் போன மாத டார்கெட்தான் வரும். அப்போது முதல் கேள்விக்கே பதில் இல்லை. டார்கெட்டைத் தொட்ட பிறகு ‘ரிட்டர்ன்’ வந்ததைக் கழித்தோம், கழிவு விலையில் போனதைச் சேர்க்கவில்லை என்று தொகையை மாற்றினால் இரண்டாவது கேள்வி போயிற்று. மூன்றாவதுதான் பெரிய விஷயம். “உங்கள் ஊழியர்களுக்கு என்ன பரிசு வேண்டும்?” என்று பயிற்சியாளர் மண்டபத்தைக் கேட்டார். காசு, போன், ஹோட்டலில் இரவுச் சாப்பாடு என்று குரல்கள் வந்தன. எனக்குப் பின்னால் இருந்த, செட்டியார் தெரு நகைக்கடையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எழும்பி, “தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் விடச் சொல்லுங்க சேர், வேற ஒண்டும் வேணாம்” என்றார். மண்டபம் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் மலையகத்துப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பவர்கள், எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

தெரியாதவர்களுக்காக: புறக்கோட்டைத் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நிற்கும் தமிழ்ப் பிள்ளைகளில் கணிசமானோர் மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டிப் பக்கம். தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து மணி வரை கடையில் வியாபாரம். அதன் பிறகு கணக்கு முடித்து, போர்டிங்குக்கு ஓடிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனால் கூட்டத்தில் ஏறவே முடியாது. விடியக்காலையில் எண்ணெய் வைக்க வேண்டிய பிள்ளை பாதி வழியில் கினிகத்தேனையில் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பாள். மற்றவர்கள் உடுக்கப் புதுச்சேலை விற்றுவிட்டுத் தன் அம்மாவுக்கு வாங்கிய சேலையை மத்தியானம் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவளுக்கு ஹோட்டல் சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்து ஊக்கப்படுத்தப் பார்க்கிறோம். வ்ரூமின் மூன்றாவது கேள்வி இதுதான். பயிற்சியாளர் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே பேசினார்.

ஸ்டேசி அடம்ஸின் சமநிலைக் கோட்பாடு அடுத்தது. நான் போட்டதுக்கும் பெற்றதுக்கும் உள்ள விகிதத்தைப் பக்கத்தில் நிற்பவனின் விகிதத்தோடு ஒப்பிட்டுத்தான் நியாயம் பார்க்கிறேன் என்பது அவர் 1963 இல் சொன்னது. உதாரணம் ஏதோ வெளிநாட்டுத் தொழிற்சாலை. நம் ஊர் உதாரணம் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது: குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 17,500 ரூபாயிலிருந்து 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நல்ல காரியம். ஆனால் ஆறு வருடமாகச் சேலை மடித்து, பட்டுச்சேலையையும் அரைப்பட்டுச் சேலையையும் தொட்டுப் பார்த்தே பிரிக்கத் தெரிந்தவளின் அடிப்படைச் சம்பளத்துக்குக் கிட்ட, நேற்று வந்த பிள்ளையின் சம்பளமும் வந்து நிற்கிறது. மூத்தவளுக்கு ஒரு சதமும் குறையவில்லை, ஆனாலும் அவள் புதியவளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடுகிறாள். கேட்டால் “அவளுக்கும் எனக்கும் ஒரே காசுதானே, அவளே பழகட்டும்” என்கிறாள். இதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். மேலிடம் எல்லாப் படிகளையும் சேர்த்து உயர்த்தவேண்டும், தள மட்டத்தில் உங்களால் தீர்க்கமுடியாது என்றார். மழுப்பாமல் சொன்னதற்கு நன்றி.

எட்வின் லொக்கின் இலக்குக் கோட்பாடு, திறமைக்கேற்ற சவால், சான்றிதழ், பாராட்டு மேடை எல்லாம் கடைசி ஒரு மணி நேரத்தில் மூச்சுவிடாமல் போயின. அதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை.

இப்போது முதலில் சொன்ன குறைக்கு வருகிறேன். மண்டபத்தில் இருந்த முப்பது பேரளவில் சம்பளத்தைத் தீர்மானிக்கக்கூடியவர்கள் இரண்டு மூன்று முதலாளிமார்தான். மற்ற எல்லாரும் என்னைப் போல. சம்பளம், கொமிஷன் வீதம், பதவி உயர்வு, வான், ஏசி எதுவும் எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பது ரோஸ்டர். யார் எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு, எந்தக் கவுண்டரில். இதைப் பற்றி ஒரு சிலைடுகூட இல்லை.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 இலிருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி, கிழமைக்கு 45 மணி, கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை, அதற்கு மேல் ஓவர்டைம். பெரிய கடைகள் பெரும்பாலும் இதைத் தாளில் ஒழுங்காகவே வைத்திருக்கும். ஆனால் அந்த ஒன்றரை நாள் எது என்பது சனிக்கிழமை இரவு வரை தெரியாது. ஞாயிறு காலை மறுபடி வட்ஸ்அப்பில் மாறும். தாய் ஒருத்தி பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக நாள் எடுக்கமுடியாது. பொடியன் ஞாயிறு வகுப்பில் சேரமுடியாது. சீட்டுக் காசு கொடுக்கக்கூட முன்கூட்டி ஆள் ஏற்பாடு செய்யவேண்டும். ஹெர்ஸ்பேர்க்கின் முதல் சுவரில் ஒட்டப்பட்ட அட்டைகளில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இது வெறும் என் எண்ணமில்லை. அமெரிக்காவில் கேப் என்ற உடைக்கடைத் தொடரின் சிக்காகோ, சான் பிரான்சிஸ்கோ பகுதிக் கிளைகளில் 2015-16 இல் ஓர் ஆய்வு நடந்தது. சரவணன் கேசவன் என்ற பேராசிரியர் அந்தக் குழுவில் ஒருவர். சில கிளைகளில் வேலை நேரத்தை நிலையாக வைத்தார்கள், ஊழியர்கள் தங்களுக்குள் முறை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள், சிலருக்கு உறுதியான மணி நேரம் கொடுத்தார்கள். அந்தக் கிளைகளில் விற்பனை 7 சதவீதமும் உழைப்பின் விளைதிறன் 5 சதவீதமும் கூடியதாக 2018 இல் முடிவு வெளிவந்தது. பெரிய சில்லறை வியாபாரத்துக்கென்றே நடத்தும் பயிற்சியில், துணிக்கடையிலேயே செய்யப்பட்ட இப்படி ஓர் ஆய்வை விட்டுவிட்டு 1943 இன் பிரமிட்டுக்கு முக்கால் மணி நேரம் கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

பயிற்சிக்குப் பிறகு நான் செய்தது இதைத்தான். ரோஸ்டரை இரண்டு கிழமைக்கு முன்னரே தேத்தண்ணி அறைக் கதவில் ஒட்டுகிறேன். மாற்ற விரும்பும் இருவரும் கையெழுத்துப் போட்டால் என்னைக் கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம். தீபாவளிக்கு முதல் நாள் மலையகப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தேன். பாதிப் பேர் மத்தியானமே போகலாம். மற்றப் பாதிக்கு அடுத்த வருடம் அந்த முறை, இந்த வருடம் சித்திரைக்கு ஒரு நாள் கூட. மத்தியானம் போனவர்களின் இடத்தை நிரப்பியவர்கள் சிங்களப் பொடியன்களும் முஸ்லிம் பிள்ளைகளும். “மிஸ், அவுருதுக்கும் பெருநாளுக்கும் எங்களையும் இப்பிடி விடணும்” என்று (அவுருது என்பது சிங்களத்தில் சித்திரைப் புத்தாண்டு) முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். சரி என்றேன். மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தது, விற்பனைக் கணக்கைக் காட்டியதும் மீண்டும் வரவில்லை. இதனால் விற்பனை ஏறியது என்று உரிமை கொண்டாட மாட்டேன், அந்த மாதம் எல்லா மாடியும்தான் ஏறியது. திங்கட்கிழமை காலையில் வரும் ‘மிஸ் சுகமில்லை’ மெசேஜ் குறைந்தது, அதை மட்டும் சொல்லலாம்.

கொடுத்த கையேடு நல்ல தாள், தெளிவான அச்சு. இரண்டு சுவர் பயிற்சியை எப்படிக் கடையில் நடத்துவது என்ற பக்கம் மட்டும் தமிழிலும் இருக்கிறது, அதை நான் நகலெடுத்து வைத்திருக்கிறேன். ‘பயிற்சிக்குப் பிந்திய வழிகாட்டல்’ என்று வாக்களித்த வட்ஸ்அப் குழுவில் மூன்றாம் நாளிலிருந்து பூப்படத்தோடு காலை வணக்கம் மட்டும் வருகிறது. வெளியேற வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அனுப்புகிற கம்பனிகள் புதிதாகப் பதவி உயர்ந்த சுப்பர்வைசரைத் தனியே அனுப்பாமல், சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் ஒருவரையும் கூட அனுப்பினால் நல்லது. முதல் சுவரை அவர்தான் பார்க்கவேண்டும். தனியே காசு கட்டிப் போகிறவர்கள் பத்தரைக்குப் போனாலும் பெரிதாக இழக்கமாட்டீர்கள், மாஸ்லோ அதற்குள் முடிந்திருக்கும்.

அடுத்த பயிற்சிக்குத் திகதி போட்டு எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்: டிசம்பர் மாதம், நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை. கொழும்பில் எந்தத் துணிக்கடை அன்றைக்குத் தன் சுப்பர்வைசரை வெளியே விடும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதிலாக ஒரு பூப்படம் வந்தது.